இரண்டு தூண்டில், ஒரு பெயர்

கல்யாணமாகிச் சில வருடங்கள் குழந்தையில்லாமல் இருக்கும் வீட்டில் ஞாயிற்றுக்கிழமைகள் சங்கடமானவை. வாரநாளில் கேட்க நேரமில்லாதவர்கள் எல்லாரும் அன்றைக்குத்தான் கேட்பார்கள். தென்காசியில் எங்கள் வீடு ரயில்வே ஸ்டேஷனுக்குப் பக்கம். குற்றாலத்துக்குக் குளிக்க வருகிற சொந்தக்காரர்கள் போகிற வழியில் ஒரு காப்பி குடிக்க ஏறுவார்கள். டம்ளரைக் கீழே வைக்கும்போது, "என்ன, விசேஷம் ஏதும் உண்டா?" என்று கேட்டுவிட்டு இறங்குவார்கள். அதற்குத் தப்பித்துத்தான் நானும் என் வீட்டுக்காரரும் மீன் பிடிக்கப் போக ஆரம்பித்தோம்.

அவர் அரசு அலுவலகம் ஒன்றில் உதவியாளர். நான் மருந்தாளுநர் படிப்பு முடித்துவிட்டு ஒரு மெடிக்கல் ஷாப்பில் நிற்கிறேன். அரசு ஆஸ்பத்திரி மருந்தாளுநர் வேலைக்குப் பரீட்சை எழுத வேண்டும் என்று கடையில் கூட்டம் இல்லாத மதியங்களில் புத்தகம் விரித்து வைத்துப் படிப்பேன். ஞாயிறு காலையில் வெள்ளனவே எழுந்து, இட்லியைக் கட்டி எடுத்துக்கொண்டு, பைக்கில் ஏறிப் போய்விடுவோம். பண்பொழியைத் தாண்டினால் மலையடியில் ஓர் அணை இருக்கிறது. கரையில் உட்கார்ந்து தூண்டில் போட அங்கே சீட்டு கொடுப்பார்கள். மீன்பிடிக் குத்தகை எடுத்தவரின் ஆள் ஒருவர் மதகுக்குப் பக்கத்தில் பிளாஸ்டிக் நாற்காலி போட்டு உட்கார்ந்திருப்பார்.

தூண்டிலை வாங்கியது அவர்தான். ஒரே மாதிரி இரண்டு, ஆன்லைனில். அவருடையது நீலப் பிடி, என்னுடையது கறுப்பு. அவருக்குப் பொறுமை கிடையாது. தக்கை கொஞ்சம் ஆடினாலே இழுத்துவிடுவார். எனக்கு அது கைவந்தது. மைதா உருண்டையை முள்ளில் கோத்துப் போட்டுவிட்டு, தக்கை முழுசாக முங்குகிற வரைக்கும் சும்மா பார்த்துக்கொண்டிருக்க என்னால் முடிந்தது. பெரும்பாலும் சிலேபிக் கெண்டைதான் விழும். ரெண்டு பேரும் அதிகம் பேசிக்கொள்ள மாட்டோம். ஆனாலும் அந்தக் கரையில்தான் நாங்கள் புருஷன் பெண்டாட்டியாக நன்றாக இருந்தோம் என்று இன்றைக்கும் தோன்றுகிறது. அங்கே யாரும் எங்களை எதுவும் கேட்கவில்லை.

ரூல் பார்க்காமல் அவர் எதையும் செய்ய மாட்டார். மீன் பிடிக்கப் போகலாம் என்று முடிவானதுமே அதற்கு என்ன சட்டம், எங்கே போகலாம், எங்கே போகக் கூடாது என்று எல்லாம் தேடிப் படித்தார். படித்ததைக் கரையில் உட்கார்ந்து எனக்குச் சொல்வார். சின்ன மீன் விழுந்தால் முள்ளை எடுத்துத் திருப்பி விட வேண்டும். சினை மீனைத் தொடக் கூடாது. வலை, வெடித் தோட்டா, மீனை மயக்குகிற மருந்து பக்கமே போகக் கூடாது. சீட்டு எப்போதும் பையில் இருக்க வேண்டும். இதையெல்லாம்விட, அதிகாரிகள் வந்தால் என்ன செய்வது என்று சொல்வதில்தான் அவருக்கு ருசி.

"ஏளா, நல்லாக் கேட்டுக்கோ. ஆபீசர் யாராவது வந்தாவன்னா மொதல்ல தூண்டில் நரம்பச் சுத்திட்டு எந்திச்சி நில்லு. ஓடப்படாது, ஒளிக்கப்படாது. ஓடுனாத்தான் தப்புப் பண்ணுன மாதிரி."

"சரி."

"சீட்டக் காட்டு. கேட்டதுக்குப் பதில் சொல்லு. அவிய யாருன்னு நமக்குத் தெரியணும்லா? ஐடி கார்டு காட்டச் சொல்லலாம். மரியாதையாக் கேக்கணும், அவ்வளவுதான். எதையாச்சும் பறிமுதல் பண்ணுனா எழுதிக் கேட்டு வாங்கணும். வெறும் பேப்பர்ல கையெழுத்துப் போடப்படாது. எழுதுன பேப்பர்னா வாசிக்காமப் போடப்படாது."

"நமக்கு எதுக்கு இதெல்லாம்? நாமதான் சீட்டு வாங்கிட்டுதான வாரோம்."

"தெரிஞ்சு வச்சுக்கிடணும். நாளைக்கு நான் இல்லாத நேரம் ஒனக்கு ஒண்ணுன்னா?"

அந்தக் கடைசி வார்த்தைக்காகவே நான் எல்லாவற்றையும் மனப்பாடமாக வைத்துக்கொண்டேன். ஒரு ஆள் நம்மைப் பற்றி அவ்வளவு தூரம் யோசிக்கிறார் என்றால் அது பெரிய விஷயம்தானே.

போன வருடம் சீசன் முடிகிற சமயம். மலையில் மேகம் இறங்கி, ஊசி ஊசியாகச் சாரல் விழுந்துகொண்டிருந்த ஒரு ஞாயிறு. குற்றாலத்தில் இடமில்லாமல் திரும்பிய கூட்டமெல்லாம் அணைக்கு வந்திருந்தது. ஒரு வேனில் ஸ்பீக்கர் வைத்து ஆடிக்கொண்டிருந்தார்கள். மீன் ஒன்றும் கடிக்கவில்லை. கொஞ்ச நேரம் பார்த்துவிட்டு அவர் எழுந்தார்.

"மேல போவோம். ஆத்துத் தண்ணி வந்து விழுகிற எடத்துல நல்ல மீனு நிக்கும்."

கரையோடு நடந்தோம். தூரம் போகப் போகச் சத்தம் குறைந்தது. ஒரு இடத்தில் வெள்ளையடித்த கல் நின்றது. அதை ஒட்டி ஒரு தகரப் பலகை. பெயிண்ட் உரிந்து பாதி எழுத்து இல்லை, ஆனால் 'காப்புக் காடு' என்பது தெரிந்தது.

"ஏங்க, இதுக்கு அங்கிட்டு காடுல்லா? போர்டு இருக்கே."

"பழைய போர்டு அது. தண்ணி நிக்கிற எடம் பூராவும் அணைதான். அணைக்கு நம்மகிட்ட சீட்டு இருக்கு. வா."

ரூல் தெரிந்த மனிதர் சொல்கிறார். நான் பின்னால் போனேன்.

அந்த இடம் அழகாக இருந்தது. ஆறு பாறைகளுக்கு நடுவில் இறங்கி, அணைத் தண்ணீரில் கலந்து அமைதியாகிற இடம். அவர் ஒரு பாறை மேல் உட்கார்ந்தார். நான் கொஞ்சம் கீழே, மணலில். ரெண்டு பேரும் தூண்டில் போட்டோம். மைதாவைத் தொடவில்லை என்றதும் நான் மண்புழு கோத்தேன். அடுத்த கொஞ்ச நேரத்தில் தக்கை காணாமல் போயிற்று. கம்பு வளைந்தது. அணையில் பிடிக்கிற மீன் இழுக்கிற இழுப்பு இல்லை அது. என் காலே மணலில் நகர்ந்தது. அவர் தன் கம்பைப் பாறையில் சாய்த்து வைத்துவிட்டு ஓடி வந்தார்.

"இழுக்காத, இழுக்காத! விட்டுக் குடு. அது ஓடட்டும். ஆங், இப்பச் சுத்து!"

ரொம்ப நேரம் போராடி அதைக் கரைக்குக் கொண்டுவந்தேன். என் முழங்கை நீளம் இருக்கும். ஒவ்வொரு செதிலும் பழைய காசு அளவுக்குப் பெரிசு, பொன் நிறம். அந்த மாதிரி மீனை அதுவரைக்கும் நான் பார்த்ததில்லை. வெள்ளத்தில் மேலே காட்டிலிருந்து இறங்கி வந்திருக்கும் என்றார் அவர். ரெண்டு கையிலும் ஏந்தச் சொல்லி போனை எடுத்தார்.

"சிரி ளா. நல்லாச் சிரி."

சிரித்தேன். தலையெல்லாம் நனைந்து, சுடிதாரில் சேறு. கல்யாண ஆல்பத்தில்கூட நான் அப்படிச் சிரித்ததில்லை.

விட்டுவிடலாம் என்றேன். இரு, கொஞ்சம் யோசிப்போம் என்று ஈரச் சாக்கில் போட்டு வாயைக் கட்டித் தண்ணீருக்குள் வைத்தார். நான் மறுபடி தூண்டில் போட உட்கார்ந்தேன். அப்போதுதான் விசில் சத்தம் கேட்டது.

அவர் சொல்லித் தந்திருந்தபடி நான் நரம்பைச் சுற்றினேன், எழுந்து நின்றேன். காக்கி உடையில் இரண்டு பேர் பாறைகளைத் தாண்டி வந்துகொண்டிருந்தார்கள். வயதான வனவர் ஒருவர். கூட ஒரு இளம்பெண், வனக்காப்பாளர். என் வீட்டுக்காரரைத் திரும்பிப் பார்த்தேன். அவர் கையில் கம்பு இல்லை. பாறைக்குப் பின்னால் இருந்த புதருக்குள் எதையோ காலால் தள்ளிக்கொண்டிருந்தார். நீலப் பிடி ஒரு கணம் தெரிந்து மறைந்தது. பதற்றத்தில் அப்படிச் செய்கிறார் என்றுதான் நினைத்தேன்.

"யாரும்மா நீங்க? இது ரிசர்வ் ஃபாரஸ்ட். போர்டைப் பாக்கலியா?" என்றார் வனவர்.

"சார், நீங்க யாருன்னு தெரிஞ்சுக்கிடலாமா? ஐடி கார்டு காட்ட முடியுமா?"

அவர் கோபப்படவில்லை. "கேக்க வேண்டியதுதான்" என்று சட்டைப் பையிலிருந்து எடுத்துக் காட்டினார். அந்தப் பெண்ணும் காட்டினாள். நான் சீட்டைக் கொடுத்தேன். அதை வாசித்துவிட்டுத் திருப்பித் தந்தார்.

"இது கீழக் கரைக்கு உள்ள சீட்டும்மா. வெள்ளக் கல்லுக்கு இந்தாண்ட செல்லாது. இங்க மீன் பிடிச்சா வழக்குதான்."

நான் வாய் திறப்பதற்குள் என் வீட்டுக்காரர் முன்னால் வந்தார்.

"சார், நான் கவர்ன்மென்ட் ஸ்டாஃப். நான் சும்மா இவளுக்குத் துணைக்கு வந்தேன், அவ்வளவுதான். தூண்டில் இவ தூண்டில். இங்கன வரவேண்டாம் வரவேண்டாம்னு படிச்சுப் படிச்சுச் சொன்னேன் சார். கேக்க மாட்டேன்னுட்டா."

எனக்குச் சரியாகக் காதில் விழவில்லையோ என்று நினைத்தேன். வனவரும் கொஞ்சம் சந்தேகமாகத்தான் பார்த்தார்.

"உங்க தூண்டில் எங்க?"

"எனக்குத் தூண்டிலே கெடையாது சார். நம்பலன்னா இந்தா பாருங்க." போனைத் திறந்து அவர் முன்னால் நீட்டினார். "இவதான் புடிச்சா. மீனு இந்தச் சாக்குல இருக்கு."

படத்தில் நான் சிரித்துக்கொண்டிருந்தேன். வனவர் படத்தைப் பார்த்தார், அப்புறம் என்னைப் பார்த்தார். அந்தப் பெண்ணும் எட்டிப் பார்த்துவிட்டுச் சட்டென்று முகத்தைத் திருப்பிக்கொண்டாள். என் வீட்டுக்காரர் மட்டும் என்னைப் பார்க்கவே இல்லை. போன் திரையை ஈரம் போகத் துடைத்துக்கொண்டிருந்தார்.

மீனைத் தண்ணீரில் விடச் சொன்னார் வனவர். நானே சாக்கை அவிழ்த்து விட்டேன். கொஞ்ச நேரம் என் கைக்குள்ளேயே செவுள் அசைய நின்றுவிட்டு, பிறகு போய்விட்டது. அதைப் பார்த்து எனக்கு அழுகை வந்தது. மீனுக்காக அழுகிறேன் என்று அவர்கள் நினைத்திருக்கலாம்.

அந்தப் பெண் பாறை மேல் உட்கார்ந்து அட்டையை மடியில் வைத்து எழுதினாள். பெயர், வயது, முகவரி கேட்டாள், சொன்னேன். எழுதி முடித்ததும் முதலில் என் வீட்டுக்காரரிடம் நீட்டினார்கள். அவர் கடகடவென்று கையெழுத்துப் போட்டார். அப்புறம் என்னிடம் வந்தது.

வாசிக்காமல் போடக் கூடாது. வாசித்தேன். கறுப்புப் பிடி தூண்டில் ஒன்று, சாக்கு ஒன்று என்று இருந்தது. எதிரி என்ற இடத்தில் என் பெயர். கணவர் தடுத்தும் கேளாமல் அத்துமீறி நுழைந்து மீன் பிடித்ததாக இருந்தது. கடைசியில், சாட்சி என்ற இடத்தில் அவர் பெயரும் அவர் கையெழுத்தும்.

ஆபீஸ் ஃபைல்களில் போடுகிற அதே கையெழுத்து. ஒரு கோணல் இல்லை.

"சார், இந்த வரி சரியில்ல. நான் கையெழுத்துப் போட மாட்டேன்" என்றேன்.

"எது சரியில்லம்மா? என்ன நடந்துச்சுன்னு நீங்க சொல்லுங்க."

அப்போதே சொல்லியிருக்கலாம். பாறைக்குப் பின்னால் போய்ப் பாருங்கள் என்று ஒரு வார்த்தை போதும். ஆனால் எதிரே நிற்பவர்கள் முன்பின் தெரியாதவர்கள். அவர்கள் முன்னால் கட்டிய புருஷனைப் பொய் சொல்கிறார் என்று சொல்ல எனக்கு நாக்கு எழவில்லை. வனவர் தாளைத் திரும்ப வாங்கிக்கொண்டார்.

"சரி. வற்புறுத்த மாட்டோம். நாளைக்குக் காலைல ஆபீசுக்கு வாங்க. உங்க வாயால சொல்றத எழுதிக்கறோம்."

தூண்டிலை எடுத்துக்கொண்டு, எடுத்ததற்கு நகல் ஒன்றும் தந்தார்கள். எந்த அதிகாரியைப் பற்றி இத்தனை நாளாக எனக்கு எச்சரிக்கை சொல்லப்பட்டதோ, அவர் எல்லாவற்றையும் ஒழுங்காகத்தான் செய்தார்.

பண்பொழி விலக்கில் ஒரு டீக்கடையில் பைக்கை நிறுத்தினார். ரெண்டு டீ சொன்னார். பிறகு, "இரு, ஒரு போன் பேசிட்டு வாரேன்" என்று ரோட்டுக்கு அந்தப் பக்கம் போய் ரொம்ப நேரம் பேசினார். திரும்பி வந்தபோது என் டீ ஆறி ஏடு கட்டியிருந்தது.

"கோவமா?" என்றார்.

"ஏன் அப்படிச் சொன்னிய?"

"ஏட்டி, கொஞ்சம் யோசி. எனக்கு பிரமோஷன் லிஸ்ட் வரப்போவுது. இந்த நேரத்துல கேசுன்னு ஒரு பேரு வந்தா மெமோ குடுத்துருவான். வேலைக்கே ஒலை வச்சிரும். உனக்கு என்ன? மெடிக்கல்லதான நிக்க. நாளைக்குப் போய் அபராதத்தக் கட்டுனா முடிஞ்சு போச்சு."

"நான் பரீச்சைக்குப் படிக்கேன்லா. அதுல கேசு உண்டான்னு கேக்க மாட்டானா?"

"அதெல்லாம் கெடைக்கும்போது பாத்துக்கிடலாம்."

அதைக் கோபமாகச் சொல்லவில்லை. சாதாரணமாக, டீயைக் குடித்துக்கொண்டே சொன்னார். என் மதியங்களுக்கெல்லாம் அவர் மனசில் என்ன மதிப்பு என்று அங்கே எனக்குத் தெரிந்தது. ஆற்றங்கரையில் செய்ததுகூடப் பயத்தில் செய்தது என்று வைத்துக்கொள்ளலாம். இதைச் சொல்லும்போது அவருக்கு எந்தப் பயமும் இல்லை.

வீட்டுக்கு வந்ததும் மாடிக்குப் போய் என் அண்ணனுக்குப் போன் பண்ணினேன். அண்ணன் போலீஸில் ஏட்டு. கீழப்பாவூரில் எங்கள் அம்மா வீட்டில்தான் இருக்கிறான். சின்ன வயதிலிருந்தே எனக்கு ஏதாவது என்றால் அவனிடம்தான் போவேன். நடந்ததைச் சொன்னேன். அவன் அவசரப்படாமல் கேட்டுக்கொண்டான்.

"இங்க பாரு, தங்கச்சி. நீ பயப்படாத. பகல்ல போ. பொழுதடஞ்ச பொறவு பொம்பளையள ஆபீசுல உக்காத்தி வைக்கப்படாது, அப்படி எவனாவது சொன்னா எனக்குப் போன் போடு. ஒனக்கு எதிரா நீயே சாட்சி சொல்லணும்னு எவனும் கட்டாயப்படுத்த முடியாது. வக்கீலு வேணும்னா வேணும்னு சொல்லலாம். நீ சொன்னத எழுதுவான், அத வாசிச்சுப் பாரு, மாத்தி எழுதியிருந்தா திருத்தச் சொல்லு. இணக்கமா முடிக்கணும்னா அபராதத்தோட முடியும், கோர்ட்டுக்குப் போவாது."

கேட்கக் கேட்க எனக்குத் தெம்பு வந்தது. "அப்ப நடந்தத நடந்தபடி சொல்லிரட்டுமாண்ணே?" என்றேன்.

அந்தப் பக்கம் அவன் கதவைச் சாத்துகிற சத்தம் கேட்டது.

"நான் சொன்னதெல்லாம் சட்டம். நீ வீட்டுப் பொண்ணு, வீட்டையும் பாக்கணும். மாப்ள வேலையில கை வைக்கப்படாது. எழுதுனது எழுதுனபடி இருக்கட்டும், கையெழுத்தப் போட்டுட்டு வா."

"பொய்யில்லாண்ணே அது?"

"பொய்யா மெய்யான்னு வீட்டுக்குள்ள பேசிக்கிடுங்க. வெளிய ஒரே பேச்சாத்தான் போகணும். மாப்ளயும் பாவம், ரொம்ப வருத்தப்பட்டாவ."

"எப்ப?"

"மத்தியானமே பேசுனாவளே. பண்பொழியில இருந்து."

நான் போனை வைத்துவிட்டேன். நான் டீக்கடை பெஞ்சில் உட்கார்ந்திருந்தபோதே என் அண்ணனோடு எல்லாம் பேசி முடிந்திருக்கிறது. நான் சொல்லும்போது முதல்தடவை கேட்பவனைப் போல அவன் 'ம்' கொட்டிக்கொண்டிருந்திருக்கிறான்.

மறுநாள் அவர் லீவு போட்டுவிட்டு என்னோடு வந்தார். வழியில் தலையில் வைக்கப் பிச்சிப்பூ வாங்கித் தந்தார். வேண்டாம் என்று சொல்லாமல் வைத்துக்கொண்டேன். அலுவலகத்தில் அந்தப் பெண் எனக்கு நாற்காலி இழுத்துப் போட்டாள். வனவர் புதுத் தாள் ஒன்றை எடுத்தார்.

"சொல்லுங்கம்மா. யாரும் கட்டாயப்படுத்தல. நடந்ததச் சொன்னாப் போதும்."

"சட்டுனு சொல்லு, முடிச்சிட்டுப் போவோம்" என்றார் என் வீட்டுக்காரர், பக்கத்தில் நின்றபடி.

என் தோளைத் தொட்டுச் சொன்னார். அந்தக் கை என் மேல் இருந்தபோதுதான் நான் பேச ஆரம்பித்தேன்.

"சார், நாங்க ரெண்டு பேரும்தான் போனோம். போர்ட நான் பாத்தேன். காடுதானன்னு கேட்டேன். தண்ணி நிக்கிற எடம் பூரா அணைதான்னு இவிய சொன்னாவ. நான் நம்பிப் போனேன். மீன நான்தான் புடிச்சேன், அதுக்கு நான் பொறுப்பு. ஆனா என்னைய யாரும் தடுக்கல. இவியளும் தூண்டில் போட்டாவ."

தோளிலிருந்து கை எடுக்கப்பட்டது.

"அவர் தூண்டில் எங்கம்மா?"

"உக்காந்திருந்த பாறைக்குப் பின்னால, புதருக்குள்ள கெடக்கும்."

வனவர் அந்தப் பெண்ணைப் பார்த்தார். அவள் உள்ளே போய் நீலப் பிடித் தூண்டிலைக் கொண்டுவந்து மேஜை மேல் வைத்தாள். நரம்பில் இன்னும் இலை ஒட்டியிருந்தது.

"நேத்து நீங்க போனதும் சுத்திப் பாத்தப்ப கெடச்சுதுக்கா" என்றாள் என்னிடம்.

வனவர் என் வீட்டுக்காரரிடம் குரலை உயர்த்தவில்லை. "சார், நீங்க சாட்சியா கையெழுத்துப் போட்டிருக்கீங்க. கவர்ன்மென்ட் ஸ்டாஃப்னும் சொல்றீங்க" என்று மட்டும் சொன்னார். என் வீட்டுக்காரர் எதையோ சொல்லத் தொடங்கி, டென்ஷன் என்றார், மழை என்றார்.

எழுதியதை எனக்கு வாசித்துக் காட்டினார்கள். நானும் ஒருமுறை வாசித்துவிட்டுக் கையெழுத்துப் போட்டேன். ரெண்டு பேர் பெயரிலும் எழுதி, இணக்கமாக முடித்து, அபராதத்துக்கு ஆளுக்கொரு ரசீது தந்தார்கள். தூண்டில்கள் திரும்ப வராது என்றார்கள். வெளியே வந்ததும் அவர் பைக்கை எடுத்துக்கொண்டு தனியாகப் போய்விட்டார். நான் மினி பஸ் பிடித்து நேரே கடைக்குப் போய், கோட்டு மாட்டிக்கொண்டு சர்க்கரை மாத்திரை எடுத்துக் கொடுத்துக்கொண்டிருந்தேன். உண்மையைச் சொல்லிவிட்டால் மனசு லேசாகிவிடும் என்பார்கள். எனக்கு அன்றைக்கு ஒவ்வொரு மருந்துச் சீட்டையும் ரெண்டு தடவை வாசித்ததுதான் நினைவிருக்கிறது.

வாசுதேவநல்லூரில் மூத்த மகன் வீட்டில் இருக்கும் மாமியார் அந்த வாரமே கிளம்பி வந்தார். கூடத்தில் உட்கார்ந்து, என் முகத்தைப் பாராமல், "கட்டுன புருசனக் காட்டிக் குடுத்தவ கையால தண்ணி வாங்கிக் குடிக்க வேண்டியிருக்கே" என்றார். காட்டிக் கொடுத்தவள். அந்தச் சொல் என் பக்கம் வரும் என்று நான் நினைத்துப் பார்த்ததில்லை. என் அண்ணன் அந்தத் தீபாவளிக்குச் சீர் கொண்டுவந்தபோது என்னோடு பேசவில்லை. மாப்பிள்ளையிடம் கொடுத்துவிட்டுப் போய்விட்டான்.

பிரமோஷன் வந்தது. லிஸ்டில் அவர் பெயர் இருந்த இடத்தில்தான் இருந்தது. ஆபீசில் ஒருவர்கூட எதுவும் கேட்கவில்லை. அவர் பயந்ததில் ஒன்றுகூட நடக்கவில்லை. அதை நினைக்கும்போதுதான் எனக்கு ஆத்திரம் அதிகமாக வருகிறது. நடக்காத ஒன்றுக்காக என்னைத் தூக்கிக் கொடுத்திருக்கிறார். என் பரீட்சையை நான் எழுதினேன். மதிப்பெண் போதவில்லை. அதற்கும் இந்த வழக்குக்கும் சம்பந்தமில்லை. திரும்பவும் படித்துக்கொண்டிருக்கிறேன்.

மீன் பிடிப்பதை நான் விடவில்லை. கொஞ்ச நாள் கழித்து ஒரு கம்பு வாங்கினேன். ஞாயிறு காலையில் பஸ் ஏறிப் போய்ச் சீட்டு வாங்கி, கீழக் கரையில் உட்காருவேன். குத்தகைக்காரரின் ஆள் முதல்தடவை, "சார் வரலியா?" என்று கேட்டார். வரவில்லை என்றேன். அப்புறம் கேட்பதில்லை. ஒருநாள் மீன்துறைக்காரர் ஒருவர் வந்து சீட்டையும் பையிலிருந்த மீனையும் பார்த்தார். ரெண்டு சின்னதாக இருக்கிறதே என்றார். உயிரோடுதான் இருக்கிறது, விட்டுவிடுகிறேன் என்று அவர் முன்னாலேயே விட்டேன். அவர் தலையாட்டிவிட்டு அடுத்த ஆளிடம் போனார். அவ்வளவு எளிதான காரியம் அது.

வீட்டில் நாங்கள் பேசிக்கொள்ளாமல் இல்லை. பால் வாங்குவது, சிலிண்டர், அவருடைய அம்மாவுக்குக் கண் ஆபரேஷன் எல்லாம் பேசுகிறோம். அந்த நாளைப் பற்றி மட்டும் ஒரு தடவைகூட அவர் பேசவில்லை. தப்புதான் என்று ஒரு சொல் சொல்லியிருந்தால் நான் எப்படியோ சமாதானமாகியிருப்பேன். ரொம்ப நாள் அதற்குக் காத்திருந்தேன். அவருக்கு அப்படி ஒரு சொல் பாக்கி இருப்பதே தெரியாது என்று இப்போது புரிகிறது.

இந்த சீசனுக்கு அவருடைய அண்ணன் குடும்பம் வந்தபோது எல்லாருமாகப் பழைய குற்றாலம் போனோம். நல்ல தண்ணீர். ஆண்கள் பக்கம் அவர் துண்டைக் கட்டிக்கொண்டு இறங்கத் தயாரானார். வாட்சைக் கழற்றினார், மூக்குக் கண்ணாடியைக் கழற்றினார், போன், பர்ஸ், பைக் சாவி எல்லாவற்றையும் சட்டைக்குள் வைத்துச் சுருட்டினார். சுற்றிலும் அவர் அண்ணன், மதினி, மதினியின் தம்பி எல்லாரும் நின்றார்கள். அவர் கூட்டத்தை விலக்கிக்கொண்டு நேராக என்னிடம் வந்தார்.

"இந்தா ளா, பத்திரம். ஈரம் பட்டிராம" என்று என் கையில் கொடுத்துவிட்டு, எண்ணெய்த் தலையோடு அருவியைப் பார்த்துப் போனார். திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. அவருக்கு என் மேல் அவ்வளவு நம்பிக்கை. நான் அதை நெஞ்சோடு அணைத்துக்கொண்டு சாரல் படாத இடமாகப் பார்த்து ஒதுங்கி நின்றேன்.